எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பில் எங்கே தேடுவது?

செம்பனை நிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பள்ளியில் இன்னொரு பாலர் வகுப்பு வேண்டும் என்றும், உள்தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வர ஒரு வேன் வேண்டும் என்றும் மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறோம். சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்தைப் படித்தவர், இந்த வட்டாரத்தில் உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். கடிதத்தில் நாங்கள் "நிறையப் பேர்" என்றுதான் எழுதியிருந்தோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் வெறுங்கையோடு திரும்பி வந்தோம்.

அதன் பிறகு 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை நாங்களே தேடிப் பார்த்தோம். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறோம். எங்கள் தோட்டத்தின் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை. இந்தியர் விழுக்காட்டை நாங்களே வகுத்துப் பார்த்தால் வெளியிடப்பட்ட எண்ணோடு ஒத்து வரவில்லை. 2010 கணக்கெடுப்போடு ஒப்பிடலாம் என்று பார்த்தால், அதில் எங்கள் பகுதி அடங்கிய பாகான் டத்தோ என்ற மாவட்டமே காணப்படவில்லை. விவரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் சங்கத்தில் பலரால் கூடவே உட்கார்ந்து சரிபார்க்கவும் முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய கணக்கெடுப்பாளர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் கணக்கெடுப்பு வேலைக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கதவு கதவாகத் தட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தோட்டத்தின் பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் சிறு சிறு வட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வட்டத்தில் ஏறக்குறைய 80 முதல் 120 குடியிருப்புகள் இருக்கும். உங்கள் தோட்டம் அப்படி ஒரு வட்டமாகவோ, அதில் ஒரு பகுதியாகவோ இருந்திருக்கலாம். அந்த அளவில் எண்களை வெளியிட்டால், இந்த வயதில் இந்த நிலையில் இருப்பவர் இன்னார்தான் என்று ஊரில் எவரும் சொல்லிவிட முடியும். மக்கள் கொடுத்த விவரத்தை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமையைச் சட்டம் புள்ளிவிவரத் துறையின் மீது சுமத்தியிருப்பதால், பொதுமக்கள் பார்க்கும் அட்டவணைகள் மாநிலம், மாவட்டம், மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிம் என்று இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஆகவே தோட்டத்தின் பெயரைத் தேடுவதை விட்டு, ஊத்தான் மெலிந்தாங் முக்கிமின் அட்டவணையை எடுங்கள். உங்கள் பிள்ளைகள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள் அல்லவா? கடிதத்திற்கு முக்கிம் அளவே பொருத்தமானது.

பாகான் டத்தோ தனி மாவட்டமானது 2017ஆம் ஆண்டில்தான். அதுவரை அது தெலுக் இந்தானைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிலிர் பேராக் மாவட்டத்தின் பகுதி. எனவே 2010ஆம் ஆண்டின் ஹிலிர் பேராக் எண்ணிக்கையை, 2020இன் ஹிலிர் பேராக், பாகான் டத்தோ இரண்டையும் கூட்டி வரும் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் உள்ளவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனெனில் 2016இல் பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் பிரிக்கப்பட்டது. எல்லை மாறியதைக் கவனிக்காமல், நம் மக்கள் பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் மேடையேறிப் பேசப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டு மனம் உடைந்து வீடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

விழுக்காடு பொருந்தாதது உங்கள் கணக்கின் பிழையாக இருக்காது. இன வாரியான விழுக்காடு குடிமக்களை மட்டும் அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2020இல் நாட்டின் மொத்த மக்கள் தொகை 32.4 மில்லியன், அதில் குடிமக்கள் 29.8 மில்லியன். இந்தியர் 6.7 விழுக்காடு என்பது அந்த 29.8 மில்லியனில்தான். அதே மக்களை மொத்தத் தொகையால் வகுத்தால் ஏறக்குறைய 6.2 வரும். அந்நியத் தொழிலாளர்கள் மிகுந்த செம்பனைத் தோட்டப் பகுதியில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். கடிதத்தில் விழுக்காட்டைத் தவிர்த்து ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள். 2010இல் 7.3 ஆக இருந்த விழுக்காடு 6.7 ஆகக் குறைந்தபோதும், இந்தியர்களின் எண்ணிக்கை 1.9 மில்லியனிலிருந்து ஏறக்குறைய 2 மில்லியனாகக் கூடவே செய்தது.

ஷா ஆலாமில் ருங்குப் பிள்ளை

ஐயா சொன்ன அனைத்தும் சரி. ஆனால் உங்கள் குறிப்பிட்ட தேவைக்கு 2020 கணக்கெடுப்பு மட்டும் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பு நாள் 2020 ஜூலை 7. அன்று நான்கு வயதுக்கு உட்பட்டிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கிறார்கள். இனிமேல் பாலர் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகள் அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களை 2020 அட்டவணையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

அதற்குப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளத்தில் மாவட்ட வாரியான ஆண்டு மதிப்பீடு இருக்கிறது. மாவட்டம், பால், ஐந்தாண்டு வயதுப் பிரிவு, இனம் என்று பிரித்துப் பார்க்கலாம், கட்டணமின்றிப் பதிவிறக்கவும் செய்யலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அந்த எண்கள் ஆயிரக்கணக்கில் தரப்பட்டிருக்கும். 0.4 என்று இருந்தால் அது ஏறக்குறைய 400 பேர். ஒரு தசம இடத்தோடு முழுமையாக்கப்படுவதால் சிறிய மாவட்டத்தில் ஐம்பது பேர் அளவுக்கு முன்பின்னாக இருக்கும், ஆகவே "ஏறக்குறைய" என்ற சொல்லோடு எழுதுவதே நேர்மை. அதே தளத்தில் "கவாசான்கு" என்ற பகுதியும் உண்டு. அதில் மாவட்டமாகவும், நாடாளுமன்றத் தொகுதியாகவும், சட்டமன்றத் தொகுதியாகவும் 2020 விவரத்தைப் படமாகப் பார்க்கலாம். சங்கக் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டுவதற்கு அது ஏற்றது.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். யாராவது வாக்காளர் பட்டியலைக் கொண்டு வந்து, கணக்கெடுப்பு பொய், இங்கே நம்மவர்கள் அதிகம் என்று சொல்லக்கூடும். வாக்காளர் பதிவு அடையாள அட்டை முகவரியைத் தொடர்கிறது, கணக்கெடுப்போ வழக்கமாக எங்கே வாழ்கிறோமோ அங்கே எண்ணுகிறது. என் வாக்கு இன்னும் என் சொந்த ஊரான ருங்குப்பில் இருக்கிறது, ஆனால் கணக்கெடுப்பில் நானும் என் இரண்டு பிள்ளைகளும் சிலாங்கூரில் எண்ணப்பட்டோம். உங்கள் வேனில் ஏறப் போகிறவர்கள் என் பிள்ளைகள் அல்லர்.

அட்டவணையில் இருப்பது "இந்தியர்" என்ற ஒரே பிரிவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதைத் "தமிழ்ப் பிள்ளைகள்" என்று மாற்றி எழுதிவிட்டால், கேள்வி கேட்கும் அதிகாரி முதலில் அதைத்தான் பிடிப்பார்.

செம்பனை நிழல்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மாவட்ட மதிப்பீட்டைப் பதிவிறக்கிப் பார்த்தோம். ஆயிரக்கணக்கு என்பதை அண்ணன் சொல்லாதிருந்தால் அந்தச் சிறு தசமங்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகளே இல்லை என்று எண்ணியிருப்போம்.

இப்போது வேறொரு கவலை. எங்கள் பகுதியில் பிறப்புப் பத்திரம் இல்லாத சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த எண்ணிக்கையில் இருக்கிறார்களா? அவர்களை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுங்கை பாலர் பள்ளி ஆசிரியை

தங்கள் கவலையை நான் நன்கு அறிவேன், ஏனெனில் என் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு இங்கே வாழ்கிறவர்கள் எல்லாரையும் எண்ணுவதற்கானது, குடிமக்களை மட்டும் எண்ணுவது அன்று. ஆனால் அந்தப் பிள்ளை குடியுரிமை இல்லாதவர் பிரிவில் பதிவாகியிருந்தால், இனவாரி எண்ணிக்கைக்குள் வராது. மொத்தத்தில் இருக்கும், "இந்தியர்" என்ற வரியில் இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் பயந்து சொல்லாமல் விட்டிருந்தால் மொத்தத்திலும் இருக்காது.

ஆகவே மாவட்ட எண்ணை முதல் பத்தியில் வைத்துவிட்டு, இரண்டாம் பத்திக்கு நீங்களே வீடு வீடாகச் சென்று எண்ணுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அப்படிச் செய்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டிரண்டு பேராக, ஒருவராவது அந்த லயத்துக்குத் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை எண் கேட்கவில்லை, பத்திரம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த ஆண்டு, இப்போது எந்தப் பள்ளிக்குப் போகிறது, பள்ளிக்கு எப்படிப் போகிறது ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் குறித்தோம். பெயர் எழுத மாட்டோம் என்று முதலிலேயே சொன்னதால்தான் கதவுகள் திறந்தன. ஒரு தாய், மூன்று வீடு தள்ளி இருந்த இன்னொரு பிள்ளையையும் அவரே அழைத்து வந்து எண்ணச் சொன்னார்.

எண்ணிய தேதியையும், எந்தெந்த லயங்களுக்குப் போனீர்கள், எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன என்பதையும் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். மாவட்ட எண் எந்த ஆண்டு மதிப்பீடு என்பதையும் குறிப்பிடுங்கள். நாங்கள் பயன்படுத்திய தாள் ஒரு பக்கம்தான், தமிழில் இருக்கிறது. தனிச்செய்தியில் அனுப்புகிறேன், உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.