மண்டையடியில் இருப்பது சரிவா, சாரலா, இறக்கமா?

தருமபுரி, செவிலியர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். முதுகு கோணல் என்று வந்து, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு தண்டுவடத்துக்குள் நீர் தேங்கியிருப்பது தெரியவரும் பதின்ம வயதுப் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெற்றோருக்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும். அதில் இரண்டு மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். சிரிங்ஸ் என்பது தண்டுவடத்தின் உள்ளே நீளவாக்கில் உண்டாகும் நீர் நிறைந்த வெற்றிடம். கிளைவஸ் என்பது பிட்யூட்டரி சுரப்பிக்குப் பின்னாலிருந்து மண்டையோட்டின் பெருந்துளை வரை சரிந்திறங்கும் எலும்புப் பகுதி. கியாரி என்னும் மூளையடி அமைப்புக் கோளாற்றின் முதல் வகையில் இந்தக் கிளைவஸ் பலருக்குக் குட்டை. பின்மண்டைக் குழியில் இடம் போதாமல் சிறுமூளையின் அடிநுனி பெருந்துளைக்குக் கீழே 5 மி.மீ.க்கு மேல் தொங்கும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரின் ஓட்டம் தடைபடும், அதனால் சிரிங்ஸ் உண்டாகலாம். சிரிங்ஸுக்கு முதலில் ‘நீர்க்கட்டி’ என்றுதான் எழுதினேன். “மிஸ், அது கர்ப்பப்பைப் பக்கம் வர்றதுதானே?” என்றாள் ஒரு மாணவி.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, கட்டி வேண்டவே வேண்டாம். கட்டி என்றாலே ஜனங்களுக்குப் புற்றுதான். சிரிங்ஸ் கிரேக்கத்தில் நாணற்குழல். ஊசி போடும் சிரிஞ்சும் அதே வேர். நம்மிடம் தூம்பு இருக்கிறதே! பழைய ஊதுகருவி ஒன்றும் தூம்பு, கல்வெட்டில் ஏரி மதகும் தூம்பு. குழலும் நீரும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. கிளைவஸ் லத்தீனில் சரிவு. மலைச்சரிவுக்குச் சங்கச் சொல் சாரல். குறுந்தொகை 3ஆம் பாட்டிலேயே இருக்கிறது.

தேன்கனிக்கோட்டை:
அகராதியில் தூம்புக்குச் சாக்கடை என்றும் பொருள் இருக்கிறது, ஐயா. பிள்ளை முதுகில் சாக்கடையா? புழை என்போம். யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர் வந்ததே உள்ளே துளை இருப்பதால்தான்.

பென்னாகரம், ஸ்கேன் எடுப்பவர்:
எங்களுக்குச் சாரல் என்றால் ஒகேனக்கல்லில் முகத்தில் அடிப்பது. மண்டைக்குள் எப்படிச் சாரல் அடிக்கும்? இறக்கம் என்று போடுங்கள். தொப்பூர் இறக்கம் தெரியாத லாரி டிரைவர் உண்டா?

கிருஷ்ணகிரி, மருத்துவர்:
குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் எல்லாம் நோய்ப் பெயர்கள். கிளைவஸ் எல்லாருக்கும் இருப்பது. போதாக்குறைக்குச் சிறுமூளை நுனி இறங்குவதையும் இதே தாளில் சொல்லியாக வேண்டும். சரிவெலும்பு என்றாலும் தப்பு, அது தனி எலும்பே இல்லை. முன்னால் ஆப்பெலும்பு, பின்னால் பிடரி எலும்பு. நடுவிலுள்ள குருத்தெலும்பு பதின்ம வயதில்தான் எலும்பாகி ஒட்டுகிறது.

ஊத்தங்கரை:
கியாரிக்குத் தமிழ் என்ன?

கிருஷ்ணகிரி, மருத்துவர்:
அது ஆள் பெயர், ஐயா. 1891இல் இதை விவரித்தவர். விட்டுவிடுங்கள்.

தருமபுரி, செவிலியர் ஆசிரியை:
நேற்று வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். ‘மண்டையடிச் சரிவு’ எல்லாருக்கும் புரிந்தது. ‘தண்டுவடப் புழை’யைப் பின்வரிசையில் இருவர் புழு என்று கேட்டு முகம் சுளித்தார்கள். அதனால் ‘தண்டுவட நீர்க்குழல்’ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் சிரிங்ஸ். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சரி, அச்சாகட்டும். ஆனால் தண்டுவடத்தின் நடுவே பிறவியிலேயே ஒரு நுண்குழல் இருக்கிறதாமே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தூம்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.