ஆர்வி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, ரயில் சம்பந்தமாக எதைப் பார்க்கலாம்? (அவசரம்)

வண்டிப்பித்தன்: வணக்கம். போனில் சார்ஜ் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்பத்தோடு ஆர்வியில் (தங்கும் வசதியுள்ள வண்டி) வந்தோம். ஃப்ரிட்ஜ் மக்கர் செய்கிறது. கேஸில் போட்டால் பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. சர்க்யூட் போர்டு போயிருக்கும், ஆர்டர் போட்டால் அடுத்த வாரம்தான் வரும் என்கிறார் மெக்கானிக். பையனுக்கு ரயில் என்றால் உயிர். இங்கே பழைய ரயில் சமாசாரம் நிறைய இருக்கிறதாமே, எங்கே போகலாம்?

தேன்மொழி_டாலஸ்: "இங்கே" என்றால் எங்கே சார்?

கீழ்ப்பாலம்: மோட்டார்ஹோமா, டிரெய்லரா? டிரெய்லர் என்றால் இழுத்து வந்த டிரக் கையில் இருக்கும், ஊர் சுற்றலாம். அப்புறம், ஃப்ரிட்ஜைக் கரண்ட்டில் போட்டுப் பார்த்தீர்களா?

டென்வர்_சீனியர்: கேள்வி கேட்பது எப்படி என்று மேலே ஒட்டி வைத்திருக்கிறோம் தம்பி. அது அலங்காரத்துக்கு இல்லை.

ஊர்சுற்றி: கோல்டன் ஸ்பைக் போங்கள்! 1869 மே 10 அன்று அமெரிக்காவின் குறுக்கே பாதை போட்ட இரண்டு கம்பெனித் தண்டவாளமும் சேர்ந்த இடம். அன்று நேருக்கு நேர் நின்ற ஜூபிடர், 119 என்ற எஞ்சின்கள் இரண்டையும் அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

வண்டிப்பித்தன்: ஷையான், வயோமிங். மோட்டார்ஹோம், அதுவே ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஊருக்குள் மோட்டலில் இருக்கிறோம். கார் இல்லை.

நீராவிநேசன்: கோல்டன் ஸ்பைக் யூட்டாவில். கார் இல்லாதவரை மாநிலம் தாண்ட வைக்காதீர்கள். போனாலும் அன்றைய விழாவுக்கு வைத்த அசல் தங்க ஆணி அங்கே இல்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

நண்பரே, மாட்டினாலும் நல்ல ஊரில் மாட்டியிருக்கிறீர்கள். ஷையானே ரயிலால் பிறந்த ஊர். 1867இல் யூனியன் பசிபிக் கம்பெனியின் பாதை வந்தது, ஊரும் வந்தது. முதலில் டவுன் டிப்போவுக்கு (பழைய ஸ்டேஷன்) போங்கள். 1887 கட்டடம், உள்ளே மியூசியம். மாடியில் குறுகிய பாதை ரயிலின் பெரிய மாடல் இருக்கிறது, பையனை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு. பயணிகள் ரயிலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1997இலிருந்து வயோமிங்கில் ஆம்ட்ராக்கே கிடையாது. பக்கத்து யார்டில் சரக்கு ரயில் ஓடும்.

அங்கிருந்து கிழக்கே ஹாலிடே பார்க், நடக்கிற தூரம்தான். 4004 என்ற பிக் பாய் நீராவி எஞ்சின் நிற்கிறது. மொத்தம் 25 செய்தார்கள், 1941இல் 20, 1944இல் 5. மிஞ்சியது 8. சக்கரத்துக்குப் பக்கத்தில் பையனை நிறுத்திப் பாருங்கள், ஒவ்வொன்றும் 68 அங்குலம். எட்டெட்டாக இரண்டு தொகுதி. நடுவில் கீல் வைத்த மாதிரி அமைப்பு இருப்பதால்தான் அவ்வளவு நீள எஞ்சின் வளைவில் திரும்பியது. 2019இல் மறுபடி ஓட வைத்த 4014க்கும் இதே ஊர்தான் வீடு. ஆனால் அது நிற்பது வேலை நடக்கிற கூடம், நேரே போய் கதவைத் தட்ட முடியாது.

வண்டி கிடைத்ததும் லாரமி பக்கம் போவதானால் ஏம்ஸ் நினைவுச்சின்னத்தை விடாதீர்கள். ஆளில்லாத மேட்டில் 60 அடிக் கல் பிரமிடு. ஒரு காலத்தில் பாதை அதையொட்டி 8,247 அடி உயரத்தில் போனது. 1901இல் பாதையை நகர்த்தினார்கள், அங்கிருந்த ஷெர்மன் ஊரும் காலி.

மிச்சிகன்_மணி: பிக் பாய் பிக் பாய் என்று எல்லோரும் குதிக்கிறீர்கள். எஞ்சினை மட்டும் எடைபோட்டால் அலெகெனி என்ற நீராவி எஞ்சின்தான் கனம். எங்கள் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் ஒன்று நிற்கிறது, வந்து பாருங்கள்.

நீராவிநேசன்: டெண்டர் (கரியும் தண்ணீரும் ஏற்றிய பின்வண்டி) இல்லாமல் எந்த எஞ்சின் சார் ஓடியது? சேர்த்துப் போட்டால் பிக் பாய்தான். நீளம் 132 அடிக்கு மேல்.

டென்வர்_சீனியர்: நீளம் என்றால் பென்சில்வேனியா ரயில்வேயின் எஸ்1 எஞ்சின், 140 அடி. அடிப்படை தெரிந்துகொண்டு பேசலாம்.

மிச்சிகன்_மணி: அதைத்தான் 1949இல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களே! நான் எடையைப் பற்றிப் பேசுகிறேன்.

கீழ்ப்பாலம்: ஃப்ரிட்ஜுக்கு வருவோமா? அது கம்ப்ரஸர் இல்லாத அமோனியா ஃப்ரிட்ஜ். சூடு கொடுத்தால்தான் குளிரும். அந்தச் சூட்டை நெருப்பும் கொடுக்கலாம், கரண்ட்டும் கொடுக்கலாம். 120 வோல்ட்டில் குளிர்ந்தால் கூலிங் யூனிட் நன்றாக இருக்கிறது, கோளாறு கேஸ் பக்கம். ஷையான் 6,000 அடி. 5,500க்கு மேல் காற்று மெலிந்து பர்னர் தடுமாறும். போர்டுக்குக் காசைக் கொட்டும் முன் பாருங்கள்.

தேன்மொழி_டாலஸ்: எனக்கென்னவோ சிலந்தி என்று தோன்றுகிறது. கேஸ் வாடைக்கு வந்து பர்னர் குழாயில் கூடு கட்டும். சமதளத்தில்தான் நிறுத்தினீர்களா?

ஊர்சுற்றி: எப்போதும் சிலந்திதானா அக்கா?

வண்டிப்பித்தன்: கரண்ட்டில் நன்றாகக் குளிர்ந்தது. பர்னரைக் கழற்றினால் மேலே துருச் செதில். சுத்தம் செய்துவிட்டார், இப்போது அணையவில்லை. போர்டு ஆர்டர் ரத்து. 4004 பார்த்தாயிற்று, நாளை பிரமிடு வழியாகக் கிளம்புகிறோம். எல்லோருக்கும் நன்றி.

கீழ்ப்பாலம்: லாரமி இன்னும் உயரம். மலை இறங்கும் வரை கேஸை நம்பாதீர்கள், இரவில் கரண்ட் உள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள்.

மிச்சிகன்_மணி: அலெகெனிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.