புதுப்பிப்பு: கிராக் போட்ட மியூசிக் சாஃப்ட்வேர் கடைசியில் என்ன ஆச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, பொழுதுபோக்குக்குத்தானே மெட்டுப் போடுகிறேன், கிராக் சாஃப்ட்வேரை (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு) பழைய லேப்டாப்பில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று. போதவில்லை. நிறுவும்போதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, நானும் அணைத்தேன் (வீட்டுச் சாவியை நானே எடுத்துக் கொடுத்த கதை), இரண்டாம் நாள் இரவு 2 மணிக்கு என் மெயிலில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயை (நாம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோம் என்று காட்டும் அடையாளச் சீட்டு மாதிரி) இந்த மாதிரி கிராக் தூக்கிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் கேட்காதாம். அப்புறம் போனிலிருந்து எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டு மாற்றி, டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டேன். இப்போது பயன்படுத்துவது ரீப்பர் என்ற மியூசிக் சாஃப்ட்வேர்: 60 நாள் இலவசம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) கிராக்கைப் போடச் சொன்னவர்களுக்கு, அதையும் பார்த்துவிட்டேன், ஆடியோ திக்கித் திக்கி வந்தது.