ஸ்டியரிங்கை ஒடிச்சா டக் டக்னு சத்தம்: ரேக்கையே மாத்தணுமா? உதவி தேவை

எஜிபுரவாசி:
வணக்கம். பெங்களூர் எஜிபுராவுல இருக்கேன். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மேல ஏத்தும்போது முன்பக்கம் டக் டக் டக்னு அடிக்குது. யூ டர்ன்லயும் அப்படித்தான். எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல நேரா போனா சத்தமே இல்ல. பக்கத்து ஒர்க் ஷாப்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு "ரேக் (ஸ்டியரிங் திருப்புறதைச் சக்கரத்துக்குக் கடத்துற பல் தண்டு) போயிருச்சு, மொத்தமா மாத்தணும்"னு பெரிய தொகை சொன்னாங்க. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிக்கூடப் பாக்கல. அம்மாவைக் கூட்டிக்கிட்டு சேலம் போகணும். இப்படியே ஓட்டலாமா?

அல்சூர் மெக்கானிக்:
தம்பி, ரேக்குக்கு இப்போ காசு கொடுக்காதீங்க. மூணு விஷயம் சொல்லுங்க. வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினா சத்தம் வருதா? ஓடும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா குறையுதா? வேகம் கூடக்கூட டக் டக்கும் வேகமாகுதா?

எஜிபுரவாசி:
காலை எடுத்தா பாதியா குறையுதுண்ணா. சக்கரம் சுத்துற வேகத்துக்குத் தகுந்த மாதிரிதான் அடிக்குது. நிக்கும்போது அந்தச் சத்தம் இல்ல, ஆனா எப்பவாச்சும் டொய்ங்னு ஒரு தடவை கேக்கும்.

அல்சூர் மெக்கானிக்:
அப்போ ரெண்டும் வேற வேற. டக் டக், ஆக்சில் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் மாதிரி இருக்கு, அதான் சக்கரம் ஒடிஞ்சிருந்தாலும் இன்ஜின் சக்தியை அதுக்குக் கடத்துற மூட்டு. அதுக்குள்ள ஆறு குண்டு, ஒரு கூண்டு, குண்டு உருள்ற பள்ளம். நேரா போகும்போது குண்டு பெருசா நகராது. ஒடிச்சாத்தான் பள்ளத்துல முன்னயும் பின்னயும் ஓடும். பள்ளம் தேஞ்சிருந்தா, இன்ஜின் இழுக்குற நேரத்துல ஒவ்வொரு குண்டும் தட்டும். காலை எடுத்ததும் குறையுறது அதனாலதான். ரேக்ல ஆட்டம் இருந்தா மேடு பள்ளமான ரோட்டுல நேரா போகும்போதே ஸ்டியரிங்ல தட்டுறது தெரியும், சக்கரத்தோட கணக்குல அடிக்காது.

காலி கிரவுண்டுல ஃபுல்லா ஒடிச்சு ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா வட்டம் போடுங்க, அப்புறம் ரிவர்ஸ்ல. ரிவர்ஸ்ல சத்தம் கூடினா சந்தேகம் உறுதியாகும். எந்தப் பக்கம் திரும்பினா சத்தம்னு வெச்சு எந்த ஜாயிண்ட்னு முடிவு பண்ணாதீங்க, காது ஏமாத்தும். ஜாயிண்ட்டை மூடியிருக்குற ரப்பர் உறையை, அதான் பூட்டை, பாருங்க. ஸ்டியரிங்கை ஒடிச்சு நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சாலே போதும், அடியில படுக்க வேண்டாம்.

வைட்ஃபீல்டு தம்பி:
எனக்கு இதே மாதிரி திருப்பும்போது ஊஊனு ஒரு இரைச்சல் வந்துச்சு, வீல் பேரிங்னு சொன்னாங்க. இதுவும் அதா இருக்குமா?

அல்சூர் மெக்கானிக்:
இல்லப்பா. பேரிங் டக் டக்னு அடிக்காது, நேர் ரோட்டுலயே இரையும். வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடப்பக்கச் சக்கரத்துல ஏறும். அப்போ இரைச்சல் கூடினா இடது பேரிங்.

எஜிபுரவாசி:
பாத்துட்டேன்ணா. இடப்பக்க பூட்டு மடிப்புல சுண்டுவிரல் நுழையுற அளவு கிழிசல். ரிம்மோட உள்பக்கம் முழுக்க வட்டமா கறுப்பு கிரீஸ் தெறிச்சிருக்கு, அதுல மண்ணு ஒட்டியிருக்கு. தொட்டா நறநறங்குது. வலப்பக்கம் சுத்தமா இருக்கு. ரிவர்ஸ்ல சத்தம் இன்னும் அதிகம்.

ஓசூர் ரோடு டிரைவர்:
புது பூட்டு போட்டு கிரீஸ் அடைச்சா போதுங்க. நான் அப்படித்தான் பல வருஷமா ஓட்டுறேன்.

அல்சூர் மெக்கானிக்:
சத்தம் வர்றதுக்கு முன்னாடி கிழிசலைப் பாத்திருந்தா நீங்க சொல்றது சரிங்க, பூட்டும் கிரீஸும் போதும். இவருக்கு மண்ணு உள்ள போய் பள்ளத்தைத் தின்னுருச்சு. புது கிரீஸ் கொஞ்ச நாள் சத்தத்தை அமுக்கும், தேஞ்ச இரும்பு திரும்ப வராது. ஜாயிண்ட் நடு ரோட்டுல உடைஞ்சா வண்டி இழுக்காது. ஒரு பக்க ஆக்சில் போனா, ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமே சும்மா சுத்தும். கிருஷ்ணகிரி தாண்டி அம்மாவோட நிக்க வேண்டாம். மாத்திட்டே போங்க.

தம்பி, ஜேசி ரோட்டுல ஜாயிண்ட் வாங்கும்போது பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க. ஸ்ப்ளைன் பல்லை, அதான் தண்டு மேல இருக்குற நீளவாக்குப் பல்லை, எண்ணிப் பாக்கணும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்குறது) வண்டியா இருந்து, சக்கர வேகத்தைக் காட்டுற பல் ரிங் ஜாயிண்ட் மேலயே இருந்தா அதோட பல்லையும் எண்ணுங்க. கணக்கு மாறினா வண்டி ஓடும், ஏபிஎஸ் லைட் அணையாது. கிரீஸ் ஜாயிண்ட்டோட வர்ற பாக்கெட்தான், மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ். சாதா கிரீஸ் போட விடாதீங்க. ஹப் நட் புதுசு போடச் சொல்லுங்க, டார்க் ரெஞ்ச் (இறுக்குற அளவைக் காட்டுற ஸ்பேனர்) வெச்சு மேனுவல் அளவுக்கு இறுக்கி, நட்டோட காலரை ஆக்சில் பள்ளத்துல தட்டி மடக்கணும். நட்டை இறுக்காம வண்டியை உருட்டினா புது செலவா பேரிங்கும் போகும். ஆக்சிலை மொத்தமா உருவினா கியர் ஆயில் ஒழுகும், ஆயில் சீலைப் பாத்து அளவைச் சரி பண்ணச் சொல்லுங்க.

வைட்ஃபீல்டு தம்பி:
அண்ணா, வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பாக்கணுமா?

அல்சூர் மெக்கானிக்:
லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டை மட்டும் கழட்டினா வேண்டாம். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போல்ட் ரெண்டையும் கழட்டினா கண்டிப்பா பாக்கணும்.

எஜிபுரவாசி:
வேற ஒர்க் ஷாப்ல இடப்பக்க ஜாயிண்ட்டும் பூட்டும் மாத்தியாச்சு. ரேக்குக்குச் சொன்ன தொகையில சின்னப் பங்குதான் ஆச்சு. பழைய ஜாயிண்ட்டைப் பிரிச்சுக் காட்டினாங்க, பள்ளத்துல நகம் மாட்டுற அளவு குழி. பேஸ்மென்ட்ல ஃபுல்லா ஒடிச்சு ஏத்தினேன், சுத்தமா சத்தம் இல்ல. ரொம்ப நன்றிண்ணா. நிக்கும்போது வர்ற அந்த டொய்ங் மட்டும் இருக்கு.

அல்சூர் மெக்கானிக்:
அது ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கா, அதான் ஸ்ட்ரட் மேல்முனை திரும்ப விடுற பேரிங்கா இருக்கலாம். பேரிங் சிக்கினா ஸ்பிரிங் முறுகி, ஒரேயடியா விட்டுச் சுத்தும். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் மேல்முனையில உள்ளங்கையை வைங்க, வீட்டுல ஒருத்தரை மெதுவா ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்க. டொய்ங் வரும்போது கையில உதறல் தெரிஞ்சா அதேதான். ஸ்டியரிங் இறுக்கமா இல்லாம, திருப்பினதும் தானா நடுவுக்கு வந்தா சேலம் போயிட்டு வந்தே மாத்திக்கலாம். இறுக்கமா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி கொண்டு வந்து காட்டுங்க.