2022-23 இங்கிலாந்து பிரீமியர்ஷிப்: தரமிறக்கத்தை ஒழித்தால் ரக்பி கிளப்புகள் பிழைக்குமா?

வலக்கோடி எழுதியது:
அந்தப் பருவத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இங்கிலாந்தின் முதல்தர ரக்பி லீக்கான பிரீமியர்ஷிப்பில் 13 கிளப்புகள் களம் இறங்கின. செப்டம்பர் முடிவதற்குள் வொர்ஸ்டர் வாரியர்ஸ் இடைநீக்கம் செய்யப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் அதன் வீரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த நிறுவனத்தையே உயர் நீதிமன்றம் கலைத்தது. அதே மாதம் 17ஆம் தேதி வாஸ்ப்ஸ் திவாலாகி, வீரர்களும் ஊழியர்களும் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். 1867இல் பிறந்து, ஆறு முறை இங்கிலாந்துப் பட்டத்தையும் இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற கிளப் அது! பருவம் முடிந்த பிறகு, ஜூன் 2023இல், ஐந்தாம் இடம் பிடித்த லண்டன் ஐரிஷும் விழுந்தது.

என் கருத்து இதுதான். பத்து கிளப்புகள் போதும்; கடைசி இடம் பிடிக்கும் கிளப்பை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளும் தரமிறக்கம் வேண்டாம். கீழே போய்விடுவோமோ என்ற பயத்தில்தான் உரிமையாளர்கள் வரவுக்கு மீறிச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஸ்க்ரம்நேயன் எழுதியது:
நண்பரே, நீங்கள் சொல்லும் மருந்தை அந்த நோயாளி ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தார். கொரோனாவைக் காரணம் காட்டி 2020-21 முதலே தரமிறக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. யாரும் கீழே போகாமல் சாரசென்ஸ் கிளப் மட்டும் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்ததால்தான் 13 என்ற எண்ணிக்கையே வந்தது. ஆடுகளத்தில் தோற்றதற்காக யாரும் கீழே போக முடியாத பருவத்தில்தான் மூன்று கிளப்புகள் மாண்டன. இதற்கு உங்கள் பதில் என்ன?

வாஸ்ப்ஸின் கதையைப் பாருங்கள். 2014இல் தன் ரசிகர்களை விட்டு கவென்ட்ரியில் இருந்த பெரிய விளையாட்டரங்கத்தை வாங்கிக் குடியேறியது. மறு ஆண்டு 3.5 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. 2022 மே மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் கையில் இல்லை. வருமான வரித்துறையும் நெருக்கியது. புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருக்கிறோம் என்ற பயமா இதைச் செய்தது? விளையாட்டரங்கத்தை வைத்துப் பணம் பண்ணலாம் என்ற கணக்குத்தான் தப்பியது.

நடுவரிசை எழுதியது:
இருவரும் வீரர்களை மறந்துவிட்டீர்கள். ஒரு கிளப் தன் வீரர்களுக்கு ஆண்டுக்குக் கொடுக்கக்கூடிய மொத்த ஊதிய உச்சவரம்பை 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சரிவு. வாஸ்ப்ஸ் மூடியதும் அதன் வீரர் ஜாக் வில்லிஸ் பிரான்சின் துலூஸுக்குப் போய், அங்கே பட்டங்களை வென்றார். லண்டன் ஐரிஷின் ஹென்றி அருண்டெல் இன்னொரு பிரெஞ்சுக் கிளப்பான ராசிங் 92க்குப் போனார். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை இங்கிலாந்து அணிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதி வேறு அவர்கள் வழியை மறித்தது. கிளப்பின் கடனுக்கு வீரர் ஏன் தன் நாட்டுச் சட்டையை இழக்க வேண்டும்?

வலக்கோடி எழுதியது:
ஸ்க்ரம்நேயன், தரமிறக்கத்தின் மீதான தடை தற்காலிகமானது என்பது எல்லா உரிமையாளர்களுக்கும் தெரியும். இரண்டு மூன்று ஆண்டு அவகாசத்தை நம்பி யாரும் பத்தாண்டு முதலீடு செய்ய மாட்டார்கள். கடைசி இடத்தில் முடித்த நியூகாசிலை 2025இல் ரெட் புல் வாங்கியது. மறு ஆண்டே கீழே விழலாம் என்றால் அப்படி ஒரு நிறுவனம் எட்டிப் பார்க்குமா? மேலே வரத் துடித்தவர்களின் நிலையும் பாருங்கள். அதே பருவத்தில் இரண்டாம் பிரிவை வென்ற ஜெர்சி ரெட்ஸ், சில மாதங்களில், 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. கீழே இருந்து வரத் தகுதியான கிளப்புகளே இல்லாதபோது யாருக்காக வழி விடுவது?

ஸ்க்ரம்நேயன் எழுதியது:
தகுதியான கிளப் இல்லையா? 2022இல் இரண்டாம் பிரிவை வென்ற ஈலிங் அணியை, அதன் அரங்கில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பார்வையாளர்களுக்கு இடமில்லை என்று சொல்லித் தடுத்தார்கள். வாசலில் நிறுத்திவிட்டு, வருவோர் இல்லை என்று சொல்வது நியாயமா?

பிரான்சின் முதல்தர லீக்கான டாப் 14இல் தரமிறக்கம் உண்டு. அங்கே கிளப்புகளின் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, பணம் பற்றாத கிளப்பைக் கீழே இறக்கவும் அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்று இருக்கிறது. இங்கே வொர்ஸ்டரில் செலுத்தாத வரிப் பாக்கி குவிந்துகொண்டே போனது. பருவம் தொடங்கும் முன்பே கணக்கைக் கேட்டிருந்தால், ஆடிய ஆட்டங்களின் முடிவுகளை அழித்துப் பட்டியலைத் திருத்தும் அவமானம் நேர்ந்திருக்காது. போதாதற்கு, லீக்கின் வணிக வருவாயில் 27 சதவீதப் பங்கை சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, வந்த பணத்தையும் செலவழித்துவிட்டார்கள்.

வலக்கோடி எழுதியது:
பிரான்சில் தொலைக்காட்சி உரிமைக்கு வரும் பணம் வேறு. அதை இங்கே பொருத்த முடியாது. ஆனால் தணிக்கை அமைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பத்து கிளப்புகளாக இருந்தால் அந்தக் கண்காணிப்பும் எளிது.

நடுவரிசை எழுதியது:
2022 மே மாதம் பிரீமியர்ஷிப் ரக்பி கோப்பை இறுதியாட்டம் வொர்ஸ்டருக்கும் லண்டன் ஐரிஷுக்கும் நடந்தது. 25-25 எனச் சமநிலையில் முடிந்து, கூடுதல் ட்ரைகள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளிகள்) போட்டதால் வொர்ஸ்டர் வென்றது. அடுத்த பதின்மூன்று மாதங்களுக்குள் இரண்டு கிளப்புகளும் இல்லை. 2023 மே 27 அன்று ட்விக்கன்ஹாமில் நடந்த பிரீமியர்ஷிப் இறுதியாட்டத்தில் சேல் அணியை 35-25 என சாரசென்ஸ் வீழ்த்தியது அருமையான ஆட்டம். அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த மாதமே ஐரிஷ் வீரர்கள் வேலை தேடினார்கள். முதலில் வீரர்களின் சம்பளத்துக்கு வங்கிப் பிணை கட்டாயமாகட்டும்.

ஸ்க்ரம்நேயன் எழுதியது:
முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். வலக்கோடியிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வொர்ஸ்டர் 2025-26இல் இரண்டாம் பிரிவில் மீண்டும் ஆடத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் அந்தப் பிரிவை வென்று, இருக்கைகளும் கணக்கும் சரியாக வைத்திருந்தால், மேலே வர அனுமதிப்பீர்களா, மாட்டீர்களா?

வலக்கோடி எழுதியது:
அனுமதிப்பேன். பதினோராவது கிளப்பாக. அவர்களுக்காக நியூகாசிலைக் கீழே தள்ளச் சொன்னால் ஒப்பமாட்டேன்.