வாஷிங் மெஷின் பைப்பையே கடித்துவிட்டது, எலிக்கு வழி சொல்லுங்கள்

மும்பை செம்பூரில் பழைய மூன்று மாடிக் கட்டடம், நாங்கள் முதல் மாடி. ஜூன் கடைசியில் மழை வலுத்ததிலிருந்து, இரவு பதினொன்று ஆனால் சமையலறை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓட்டம். புழுக்கை அரிசி மணி அளவுதான், அதனால் சுண்டெலி என்று நினைக்கிறேன். போன வாரம் வாஷிங் மெஷினின் தண்ணீர் வெளியேறும் பைப்பைக் கடித்துவிட்டது. சமையலறை முழுக்கச் சோப்பு நுரை.

கூண்டில் மசால் வடை வைத்தேன், அப்புறம் சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு. ஒன்று மாட்டியது, அதோடு சரி. சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் சிமெண்ட் பூசினால், காய்வதற்குள் தோண்டிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே பூசினேன், அது நிற்கிறது. சத்தம் மட்டும் குறையவில்லை. விஷம் வேண்டாம், வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, சீலிங்குக்குள் செத்தால் நாற்றம் வேறு. சொசைட்டி செக்ரட்டரியோ "மழை முடியட்டும்" என்கிறார். எலிக்கு யார் சொல்வது?

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கே போதும். சீலிங்கைப் பிரிக்காமல், அது ஏறி வரும் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?