மறு: மறு: ‘கோபாட்’ தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

ஜூரோங்கிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தொழிலாளிக்குப் பக்கத்திலேயே நின்று அவரோடு கூட்டாக வேலை செய்யும் ரோபோ கைகளைப் பற்றியது என் ஆய்வு; அவற்றைத்தான் ஆங்கிலத்தில் ‘கோபாட்’ என்கிறார்கள். பாகத்தை எடுத்து நீட்டும் கை எந்த நொடியில் பிடியை விட வேண்டும் என்பதிலேயே மூன்று ஆண்டுகளாகக் கிடக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவில் இதைப் பற்றிப் பேசுகிறேன்; துவாஸ் தொழிற்சாலை ஊழியர்களும் வருவார்கள். கையேட்டில் ‘கோபாட்’ என்று எழுதினால் கோபம்தான் முதலில் கண்ணில் படுகிறது. ‘கூட்டெந்திரன்’ சரிவருமா?

பிடோக்கிலிருந்து:
தம்பி, ‘அன்’ உயர்திணை ஆண்பால் விகுதி. இரும்புக் கைக்கு அது எதற்கு? ‘எந்திரம்’ என்று நிறுத்துங்கள். ‘இயந்திரம்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு நாற்பது ஆண்டுச் சண்டை. ‘ஆவோடல்லது யகர முதலாது’ என்கிறது தொல்காப்பியம்; சொல்லின் முதலில் ‘யா’ வரலாம், ‘ய’ வராது. ‘யந்திரம்’ தமிழுக்குள் எந்திரமாகத்தான் நுழைய முடியும். புறநானூற்றிலேயே கரும்பின் எந்திரம் ஒலிக்கிறது.

செங்காங்கிலிருந்து:
ஐயா, ‘நுழைய’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெளியிலிருந்து வந்ததுதானே நுழையும்? வேர்தான் வேண்டுமென்றால் ரோபோவுக்கே போவோம். 1920இல் கரெல் சாப்பெக் எழுதிய செக் நாடகத்திலிருந்து பரவிய சொல் அது. ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய வேலைக்கு ‘வெட்டி’ என்று பெயர். ஆக, கோபாட் என்பது ‘கூட்டுவெட்டி’. அச்சிடத் துணிவு உண்டா?

பிடோக்கிலிருந்து:
கேலி இருக்கட்டும் அம்மா. இது மூன்றாம் வேற்றுமைச் சிக்கல். எந்திரத்தால் செய்தான் என்றால் கருவி. எந்திரத்தோடு செய்தான் என்றால் உடனிகழ்ச்சி. தம்பியின் ஆய்வு முழுவதும் ‘ஆல்’ உருபை விட்டு ‘ஒடு’ உருபுக்கு வந்த கதைதான். ஆகவே ‘உடன்’ இருந்தே தீரவேண்டும்: உடனியங்கி. ஓர் எச்சரிக்கை. ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்பதும் தொல்காப்பியம்தான்; உயர்ந்ததன் பெயரோடுதான் ‘ஒடு’ சேரும். எந்திரத்தோடு தொழிலாளி என்று எழுதினால் எந்திரம் உயர்ந்ததாகிவிடும். கையேடு முழுக்கத் தொழிலாளியோடு எந்திரம் என்று திருத்துங்கள்.

ஜூரோங்கிலிருந்து:
திருத்திவிட்டேன் ஐயா, பதினேழு இடங்கள். ஆனால் ‘இயங்கி’ உறுத்துகிறது. 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்கேட், பெஷ்கின் இருவரும் (பற்பசை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல) உருவாக்கிய முதல் கோபாட், தானாக நகராது. தள்ளுவது மனிதன், வழி விலகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. இன்றைய கைகளுக்கு மோட்டார் உண்டு என்பதால் ஒப்புக்கொள்ளலாம். ‘பணித்தோழன்’ என்றும் ஒருவர் தனிமடலில் சொன்னார்; எனக்குப் பிடித்திருக்கிறது.

துவாஸிலிருந்து:
தோழன் வேண்டவே வேண்டாம் அண்ணா. நான் அதன் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன். பழைய ரோபோவுக்கு வேலி இருந்தது, ‘அபாயம்’ பலகை இருந்தது. யாரும் கையை நீட்ட மாட்டார்கள். புதியதற்கு வேலி இல்லை, மேலே பட்டால் நின்றுவிடும் என்கிறார்கள். நிற்கும்தான். அதன் நுனியில் கூரான தகடு இருந்தால், நிற்பதற்குள் கிழித்துவிடும். 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற கோபாட் பாதுகாப்பு ஆவணத்தில் உடலின் 29 இடங்களுக்குத் தனித்தனியாக அழுத்த வரம்பு போட்டிருப்பதாகப் பயிற்சியில் சொன்னார்கள். தோழனுக்கு யார் அப்படி வரம்பு போடுவார்கள்? நாங்கள் ‘ரோபோ கை’ என்றுதான் சொல்கிறோம். அதிலே என்ன குறை?

செங்காங்கிலிருந்து:
குறையே இல்லை தம்பி. ஆனால் வேலிக்குள் இருப்பதும் ரோபோ கைதான். இரண்டையும் பிரிக்க ஒரு சொல் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தையே ‘வீவக’ என்று மூன்றெழுத்தில் அடக்கிய ஊர் இது. முதல் முறை ‘உடனியங்கி என்னும் ரோபோ கை’, பிறகு உடனியங்கி. அச்சகம் காத்திருக்கிறது.

ஜூரோங்கிலிருந்து:
இதுவரை நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள், ஒருவர் ‘ஏதோ ஒன்று’ என்றிருக்கிறார். அனுப்பிவிட்டேன்.

துவாஸிலிருந்து:
அண்ணா, அறைத்தோழர்களிடம் ‘உடனியங்கி’ என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் உடனே இயங்குவது என்கிறார்கள், மூன்று பேரும்.